கைப்பேசியும் கோப்பும்: தாய்லாந்தில் ஓய்வுக்காலம் பற்றி ஓர் ஒப்பாய்வு

சியாங் மாயில் வீடெடுத்திருக்கும் ஜெர்மானியராகட்டும், ஹுவா ஹின்னில் கடலோரம் குடியிருக்கும் ஸ்வீடன்காரராகட்டும், பட்டாயாவில் பல வருடமாக வாழும் ஆங்கிலேயராகட்டும், தாய்லாந்தில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் வெளிநாட்டு முதியவருக்கு இரண்டு பொருள்கள் இன்றியமையாதவை. ஒன்று கைப்பேசி. மற்றொன்று விசாக் காகிதங்கள் அடங்கிய கோப்பு. கைப்பேசி இல்லாவிட்டால் அன்றாட வேலை நடக்காது. கோப்பு சரியாக இல்லாவிட்டால் அந்த நாட்டில் இருக்கவே முடியாது.

இரண்டும் அவரிடம் கேட்பவை அதே மூன்று கேள்விகள்தான்: நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், உங்களிடம் எவ்வளவு பணம் இருக்கிறது? கேள்விகள் ஒன்றாக இருந்தும், எந்தப் பதிலை ஏற்பது என்பதில் இரண்டும் வெவ்வேறு திசையில் நிற்கின்றன. கைப்பேசி வேகமானது, கோப்பு மெதுவானது என்று சொல்லி முடித்துவிடலாம். அது மேலோட்டமான ஒப்பீடு. ஐம்பத்தைந்து வயதில் வந்து இறங்கியவர் எழுபத்தைந்தைத் தொடும்போது, கை நடுங்கும்போது, நினைவு தடுமாறும்போது, இவற்றில் எது அவரைத் தாங்குகிறது, எது கைவிடுகிறது என்பதே இங்கே முக்கியமான கேள்வி.

வந்த வழி

கோப்பின் வேர் 1979-ஆம் ஆண்டில் இருக்கிறது. தாய்லாந்தின் குடிவரவுச் சட்டம் அந்த ஆண்டில் வந்தது; பௌத்த ஆண்டுக் கணக்கில் அது 2522. தற்காலிக அனுமதியில் தங்கும் வெளிநாட்டவர் 90 நாளுக்கு ஒருமுறை தம் இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பதும், வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அதை அறிவிக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உள்ளவை. முதலாவது அறிக்கைக்கான படிவம் டி.எம்.47. வீட்டுக்காரர் தருவது டி.எம்.30. தாய்லாந்தில் ஓய்வுக்காலம் கழிப்பவர்கள் இந்த எண்களைத் தங்கள் பிறந்தநாள் போல நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கைப்பேசியின் கதை மிகப் புதியது. பிராம்ப்ட்பே என்ற பணப்பரிமாற்ற முறை 2017 ஜனவரியில் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. வங்கிக் கணக்கு எண் தெரிய வேண்டியதில்லை. கைப்பேசி எண்ணோ, தாய்லாந்துக் குடிமக்களின் 13 இலக்க அடையாள எண்ணோ போதும். அதே ஆண்டில் எல்லா வங்கிகளுக்கும் பொதுவான கியூஆர் முறையும் வந்தது. 2018 மார்ச்சில் பெரிய வங்கிகள் இணையவழிப் பரிமாற்றக் கட்டணத்தை நீக்கின. அதற்குப் பிறகு சந்தையில் பப்பாளி விற்பவரின் தட்டிலும், நூடுல்ஸ் தள்ளுவண்டியிலும், மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரரின் மேல்சட்டையிலும் கியூஆர் அட்டை தொங்கத் தொடங்கியது. 2021 ஏப்ரலில் இது சிங்கப்பூரின் பேநவ் முறையோடு இணைக்கப்பட்டது.

ஏறக்குறைய நாற்பது ஆண்டு இடைவெளியில் பிறந்த இரண்டு ஏற்பாடுகள் ஒரே முதியவரை இரண்டு பக்கமும் பிடித்திருக்கின்றன. வெளிநாட்டவரைக் கண்காணிப்பதற்காக எழுதப்பட்டது ஒன்று. சொந்தக் குடிமக்களின் வசதிக்காகக் கட்டப்பட்டது மற்றது. பின்னால் வரும் சிக்கல்களில் பலவும் இந்த வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

பணம்: நிற்பதும் ஓடுவதும்

ஓய்வுக்காலத்தை முன்னிட்டு ஓராண்டு தங்கல் நீட்டிப்புப் பெற வயது 50 நிறைந்திருக்க வேண்டும். தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் வைப்பு, அல்லது மாதம் 65,000 பாட் வருமானம், அல்லது இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 8 லட்சம் பாட் காட்ட வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 1,900 பாட். 2019-இல் விதிகள் இறுகின. விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அந்த 8 லட்சம் கணக்கில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகு மூன்று மாதம் அப்படியே இருக்க வேண்டும். மீதி மாதங்களிலும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆக, பாதித் தொகை ஆண்டு முழுக்கத் தொடமுடியாத பணம்.

அதே காலத்தில் அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியத் தூதரகங்கள் தங்கள் குடிமக்களுக்கு வருமானச் சான்று தருவதை நிறுத்திவிட்டன. அதுவரை தூதரகக் கடிதம் ஒன்றோடு வேலை முடிந்தது. அதன் பிறகு, மாதந்தோறும் வெளிநாட்டிலிருந்து 65,000 பாட் வந்து சேர்ந்ததை வங்கிப் பதிவால் காட்ட வேண்டிய நிலை வந்தது. இங்கேதான் கைப்பேசியும் கோப்பும் நேருக்கு நேர் மோதுகின்றன. குறைந்த கட்டணத்தில் பணம் அனுப்பும் செயலிகள், தாய்லாந்துக்குள்ளேயே இருக்கும் ஒரு கணக்கிலிருந்து பெறுநரின் கணக்குக்குத் தொகையை மாற்றிவிடுவது உண்டு. பணம் லண்டனில் புறப்பட்டதுதான். ஆனால் பாஸ்புக்கில் உள்நாட்டுப் பரிமாற்றமாக அச்சாகிறது. செயலிக்கு அது குறையே அல்ல. பணம் நிமிடத்தில் வந்துவிட்டது. குடிவரவு அதிகாரியின் கண்ணில் அது வெளிநாட்டு வருமானமே இல்லை. அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் கூடுதல் கட்டணம் போனாலும் பரவாயில்லை என்று, வெளிநாட்டு வரவுக் குறியீடு தெளிவாகப் பதிவாகும் வழியையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

கைப்பேசித் திரையில் கணக்கிருப்பு ஒரு நொடியில் தெரிகிறது. அந்தத் திரையை அதிகாரியிடம் நீட்டினால் செல்லாது. வங்கிக் கிளைக்குப் போய்ச் சான்றுக் கடிதம் வாங்க வேண்டும். பாஸ்புக்கை அச்சிட்டுப் புதுப்பிக்க வேண்டும். கடைசிப் பதிவு இன்றைய தேதியில் இருக்க வேண்டும் என்று பல அலுவலகங்கள் எதிர்பார்ப்பதால், காலையில் சிறு தொகையொன்றைப் போட்டோ எடுத்தோ அந்த வரியை அச்சிட்டுக்கொண்டு, அதன் பிறகே வரிசைக்குப் போகிறார்கள்.

கோப்புக்குப் பணம் அசையாமல் நிற்க வேண்டும். கைப்பேசிக்குப் பணம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே கணக்கு இரண்டுக்கும் உழைத்தால் ஆபத்து. தவறுதலாக ஒரு பெரிய பில் அந்தக் கணக்கிலிருந்து போய் இருப்பு எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டால் அடுத்த நீட்டிப்பே கேள்விக்குள்ளாகும். தொலைபேசி மோசடிக்காரர்கள் முதியவர்களைக் குறிவைக்கும் காலம் இது. திறக்கப்பட்ட செயலி வழியாக வைப்பு முழுவதும் பறிபோகவும் கூடும். எனவே விசாவுக்கான வைப்பைக் கைப்பேசிச் செயலியோடு இணைக்காத தனிக் கணக்கில் வைத்து, அன்றாடச் செலவுக்கு வேறொரு கணக்கை வைத்துக்கொள்வதே விவேகம். புதிய தொழில்நுட்பத்தின் நடுவே பழைய பாஸ்புக் ஒரு பூட்டாக வேலை செய்யும் இடம் இது.

முகவரி: வீட்டுக்காரரின் சொல்லும் வரைபடமும்

கிராப் செயலியில் வண்டி அழைத்தால் ஓட்டுநர் வாசலுக்கே வருகிறார். லசாடா என்ற இணையக் கடையில் வாங்கிய மிக்சி, வீட்டு எண்ணும் தெருப்பெயரும் சரியாக இருந்தால் வந்து சேர்கிறது. கைப்பேசியைப் பொறுத்தவரை முகவரி என்பது அந்த நேரத்தில் ஆள் நிற்கும் இடம். அதை அவரே சொன்னால் போதும்.

கோப்பு அவர் சொல்லை மட்டும் நம்புவதில்லை. வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல், வீட்டுப் பதிவேட்டின் நகல், அவர் கொடுத்த டி.எம்.30 ரசீது ஆகியவற்றைக் கேட்கிறது. வீட்டுக்கு வழிகாட்டும் வரைபடத்தைக் காகிதத்தில் கேட்கும் அலுவலகங்களும் உண்டு. ஆகவே முதியவரின் சட்டபூர்வமான முகவரி இன்னொருவரின் ஒத்துழைப்பில் நிற்கிறது. வீட்டுக்காரர் நல்லவராக, அருகில் இருப்பவராக அமைந்தால் அரை மணி நேர வேலை. வேறு ஊரில் இருந்துகொண்டு அழைப்பை எடுக்காதவராக அமைந்தால் வாரக்கணக்கில் அலைச்சல். 2019-இல் டி.எம்.30 விதி கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தபோது வெளிநாட்டவர்களிடையே பெருத்த எதிர்ப்பு கிளம்பியதும், 2020-இல் அது ஓரளவு தளர்த்தப்பட்டதும் இதனால்தான்.

90 நாள் அறிக்கையில் கோப்பு சற்று இளகியிருக்கிறது. கெடு நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை நேரில் போய்க் கொடுக்கலாம், அஞ்சலிலும் அனுப்பலாம், இணையத்திலும் பதியலாம். கட்டணம் இல்லை. தவறினால் 2,000 பாட் அபராதம்.

அடையாளம்: 13 இலக்கங்களின் ஆட்சி

தாய்லாந்தின் மின்வழிச் சேவைகளின் அடித்தளம் 13 இலக்க அடையாள எண். அது பிறப்பிலிருந்து இறப்பு வரை மாறாது. வெளிநாட்டவரின் அடையாளமோ பாஸ்போர்ட் எண். பாஸ்போர்ட் புதுப்பிக்கப்படும்போது அது பெரும்பாலும் மாறிவிடுகிறது. இந்த ஒரு வேறுபாடு எத்தனை கதவுகளை மூடுகிறது என்பதைக் கொரோனா காலம் காட்டியது. 2021-இல் தடுப்பூசிப் பதிவுக்கான மோர் ப்ரோம் செயலி 13 இலக்க எண்ணைக் கேட்டது. அந்த எண் இல்லாத வெளிநாட்டு முதியவர்கள், நோய்த்தொற்றின் ஆபத்து மிகுந்த வயதினராக இருந்தும், தங்களுக்கென்று தனிப் பதிவு வழி திறக்கும் வரை காத்திருந்தார்கள்.

இதற்கு விடை காகிதத்தின் பக்கமே இருக்கிறது. மஞ்சள் நிற வீட்டுப் பதிவேட்டில் பெயர் சேர்த்துக்கொண்டு, அதன் வழியே வெளிநாட்டவருக்கான இளஞ்சிவப்பு அட்டை வாங்கினால் அவருக்கும் ஒரு 13 இலக்க எண் கிடைக்கிறது. அதை வாங்க மொழிபெயர்த்துச் சான்றுபெற்ற பாஸ்போர்ட், வீட்டு ஆவணங்கள், சாட்சிகள் என்று இன்னொரு கோப்பே தயாராக வேண்டும். கைப்பேசி உலகத்துக்குள் நுழையும் சாவியைக் காகிதம்தான் வெட்டித் தருகிறது.

பாஸ்போர்ட் புதுப்பிக்கும் மாதம் முதியவருக்குக் கடினமான மாதம். குடிவரவு அலுவலகத்தில் பழைய முத்திரைகளைப் புதிய பாஸ்போர்ட்டுக்கு மாற்ற வேண்டும். வங்கியில் எண்ணை மாற்ற வேண்டும். சிம் கார்டு பாஸ்போர்ட்டின் பேரில் பதிவானது. அதையும் மாற்ற வேண்டும். வங்கிச் செயலியோடு இணைந்த கைப்பேசி எண்ணின் பதிவுப் பெயரும் கணக்கின் பெயரும் பொருந்த வேண்டும் என்று அதிகாரிகள் அண்மை ஆண்டுகளில் வலியுறுத்தத் தொடங்கியபோது, மனைவியின் பெயரிலோ நண்பரின் பெயரிலோ சிம் வாங்கியிருந்த பலர் கடைகடையாக ஏறி இறங்க நேர்ந்தது.

பிழையும் அதன் விலையும்

குடிவரவு அலுவலகத்தில் ஒரு நகல் குறைந்தால் அதிகாரி கோப்பைத் திருப்பித் தருகிறார். பக்கத்திலேயே ஜெராக்ஸ் கடை இருக்கும். 4-க்கு 6 சென்டிமீட்டர் புகைப்படம் எடுக்கவும் ஆள் இருப்பார். பாங்காக்கின் சேங் வத்தனாவிலும் பட்டாயாவை ஒட்டிய ஜோம்தியெனிலும் இந்தச் சிறுதொழில்கள் அலுவலகத்தை அண்டியே வாழ்கின்றன. நகல் எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் நீல மையில் கையெழுத்திட்டு, மறுபடி வரிசைக்கு வரலாம். பிழை என்ன என்று ஒரு மனிதர் விரல் வைத்துக் காட்டுகிறார். அந்த மனிதரின் போக்கு ஊருக்கு ஊர் மாறும் என்பது காகிதத்தின் பெரிய குறை. ஓர் அலுவலகம் ஏற்பதை இன்னொன்று மறுக்கும்.

கைப்பேசியின் விதி எல்லா ஊருக்கும் ஒன்று. ஆனால் ரகசிய எண்ணைச் சிலமுறை தவறாக அழுத்தினால் கணக்கு பூட்டிக்கொள்கிறது. ஏன் என்று சொல்ல ஆள் இல்லை. 2023 முதல், ஒரே தடவையில் 50,000 பாட்டுக்கு மேலோ, ஒரு நாளில் 2 லட்சம் பாட்டுக்கு மேலோ செயலியில் அனுப்ப முகத்தை ஸ்கேன் செய்ய வேண்டும். மோசடியைத் தடுக்க வந்த நல்ல விதிதான். கண் அறுவை சிகிச்சை முடிந்து கட்டோடு இருப்பவருக்கும், பக்கவாதத்தில் முகம் ஒருபக்கம் இழுத்துக்கொண்டவருக்கும் அதே விதி ஒரு சுவர். சொந்த நாட்டு வங்கி வேறு இருக்கிறது: அது ஓடிபியை அந்த நாட்டு எண்ணுக்கே அனுப்பும். பயன்படாத அந்த சிம்மைப் பணம் கட்டி உயிரோடு வைத்திருக்காவிட்டால், ஓய்வூதியம் வந்து விழும் கணக்கே கைக்கு எட்டாமல் போகும்.

காகிதமும் எல்லா இடத்திலும் கருணை காட்டுவதில்லை. நாட்டைவிட்டு வெளியே போகும்முன் மீள்நுழைவு அனுமதி வாங்க மறந்தால், கஷ்டப்பட்டுப் பெற்ற ஓராண்டு நீட்டிப்பு விமான நிலையத்திலேயே செத்துவிடும். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட் என்ற சிறு தொகைதான். தாய் இறந்த செய்தி கேட்டு இரவோடிரவாகக் கிளம்புபவருக்கு அது நினைவில் வருமா? அனுமதிக் காலம் தாண்டித் தங்கினால் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் அபராதம். 90 நாளுக்கு மேல் தாண்டினால், தாமாக முன்வந்து வெளியேறினாலும் மறுநுழைவுத் தடை உண்டு.

பிறர் கை

உடல் தளரும்போதுதான் இரண்டின் உண்மையான வேறுபாடு புலப்படுகிறது. காகிதத்தை இன்னொருவர் தூக்கிப் போகலாம். 90 நாள் அறிக்கையை மனைவியோ, மகனோ, நம்பிக்கையான அண்டை வீட்டாரோ கொண்டுபோய்க் கொடுக்கலாம். வங்கிக் கிளையில் அதிகாரப் பத்திரம் காட்டிப் பேசிப் பார்க்கலாம். ஆண்டு நீட்டிப்புக்கு நேரில் வர வேண்டும் என்றாலும், சக்கர நாற்காலியில் வந்தவரை வரிசையின் முன்னால் அழைத்துக்கொள்ளும் அதிகாரி உண்டு. படிவத்தை நிரப்பித் தரும் ஆளும் உண்டு. காகித முறை எத்தனை சலிப்பூட்டினாலும், அதற்குள் உதவி செய்ய இன்னொரு மனிதருக்கு இடம் இருக்கிறது.

கைப்பேசி அந்த இடத்தை அடைத்துவிட்டது. விரல் ரேகை அவருடையது, முகம் அவருடையது, ரகசிய எண் அவர் தலைக்குள் இருப்பது. அவர் மருத்துவமனையில் நினைவிழந்து கிடக்கும்போது முப்பது வருடம் கூடவே வாழ்ந்த மனைவிக்கும் அந்தச் செயலி திறக்காது. மருத்துவமனை முன்பணம் கேட்கும், பணம் இருக்கிறது, எடுக்க வழியில்லை. ரகசிய எண்ணை முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தால் அது வங்கி விதிக்குப் புறம்பு. சொல்லாமல் இருந்தால் ஆபத்து.

விசா வைப்புக்கும் இதே முடிச்சு வேறு வடிவில் இருக்கிறது. 8 லட்சமும் பெரும்பாலும் அவர் ஒருவர் பெயரிலேயே இருக்க வேண்டும். கூட்டுக் கணக்கைப் பெரும்பாலான அலுவலகங்கள் ஏற்பதில்லை. அவர் இறந்துவிட்டால் அந்தப் பணம் மனைவிக்குத் தானாக வராது. சொத்து நிர்வாகியை நியமிக்கச் சொல்லி நீதிமன்றம் போக வேண்டும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திட்ட உயில் இருந்தால் அந்த வழி சுருங்கும். ஆக, நெருக்கடியின் உச்சத்தில் கைகொடுப்பதும் ஒரு தாள்தான்.

மனிதருக்கு இடமிருக்கும் இடத்தில் இடைத்தரகருக்கும் இடமிருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. படிவம் நிரப்பி, வரிசையில் கூட நின்று, நியாயமான கூலி வாங்கும் முகவர்கள் இருக்கிறார்கள். வைப்புப் பணமே இல்லாதவருக்குக் கணக்கில் பணம் இருப்பதுபோல் காட்டி முத்திரை வாங்கித் தருவதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பின்னவரிடம் போனவர் பிடிபட்டால், தம் பாஸ்போர்ட்டில் விழும் கறையைத் தாமே சுமக்க வேண்டும்.

நெருங்கும் இரண்டு

இப்போது இந்த இரண்டும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. 2025 ஜனவரி 1 முதல் தாய்லாந்துத் தூதரகங்கள் அனைத்திலும் விசா விண்ணப்பம் இணையவழிக்கு வந்துவிட்டது. 2025 மே 1 முதல், கையால் நிரப்பிய டி.எம்.6 அட்டையின் இடத்தில் மின்வழி வருகை அட்டை வந்தது. வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அதை நிரப்ப வேண்டும். அது இலவசம், ஆனால் அரசுத் தளம் போலத் தோற்றம் காட்டிக் காசு பிடுங்கும் போலித் தளங்களும் கூடவே முளைத்தன. 2024 முதல், ஆண்டில் 180 நாள் தங்கும் எவரும் வெளிநாட்டு வருமானத்தைத் தாய்லாந்துக்குள் கொண்டுவந்தால் அது வரிக்கணக்கில் சேரும் என்ற புதிய விளக்கமும் நடைமுறைக்கு வந்தது. விசாவுக்காக மாதம் 65,000 பாட் வரவழைக்கும் அதே வங்கிப் பதிவு, வரி அலுவலகத்திலும் சாட்சி சொல்கிறது.

அரசு நினைத்தால் காகிதத்தைக் குறைக்க முடியும் என்பதற்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய நீண்டகாலத் தங்கல் விசா சான்று. பத்தாண்டுக்கு உரியது, 90 நாள் அறிக்கைக்குப் பதிலாக ஆண்டுக்கு ஒருமுறை அறிவித்தால் போதும். ஆனால் ஓய்வுபெற்றவர் அதைப் பெற ஆண்டுக்கு 80,000 அமெரிக்க டாலர் ஓய்வூதியம் போன்ற வருமானம் காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் 40,000 டாலருக்குக் கீழே போகாமல் பெரிய முதலீடும் காட்ட வேண்டும். பள்ளி ஆசிரியராகவோ பேருந்து ஓட்டுநராகவோ இருந்து ஓய்வுபெற்றவருக்கு எட்டாத தொகை அது. எளிமை வசதியானவர்களுக்கு முதலில் கிடைத்திருக்கிறது. அதிகம் தேவைப்படும் நலிந்த முதியவர் இன்னும் வரிசையில் நிற்கிறார்.

ஒப்பீட்டின் முடிவு

இரண்டையும் எடைபோட்டால், நல்ல உடல்நிலையில் இருப்பவருக்குக் கைப்பேசி பெரிய வரம். கோப்பு அவ்வப்போது வரும் தொல்லை. தளர்ந்துபோனவருக்கு இது தலைகீழாகிறது. கைப்பேசி அவரிடம் அவருடைய இளமையான விரலையும் கூர்மையான நினைவையும் கேட்கிறது. கோப்பு அவருடைய கையெழுத்தையும் கூட வரும் ஒரு துணையையும் கேட்கிறது. எனவே கோப்பை முழுவதும் கைப்பேசிக்குள் மாற்றுவதைக் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்க முடியாது. காகிதத்தின் அலைச்சல் ஒழியட்டும். காகிதம் தந்த துணைக்கான இடம் ஒழியக் கூடாது.

இதைக் காக்க இரண்டு மாற்றங்கள் போதும். வங்கியே வைப்பு விவரத்தை, வாடிக்கையாளரின் ஒப்புதலோடு, குடிவரவு அலுவலகத்துக்கு நேரடியாக அனுப்பட்டும். கடிதமும் பாஸ்புக் நகலும் தேவையற்றுப் போகும். வங்கிச் செயலியிலும் 90 நாள் பதிவிலும் முதியவர் தாமே முன்கூட்டிப் பதிவுசெய்த ஓர் உதவியாளருக்கு வரம்புக்குட்பட்ட அனுமதி கிடைக்கட்டும். மருத்துவமனைக் கட்டணம் கட்டவும் அறிக்கை கொடுக்கவும் அது போதும்.

அந்த மாற்றம் வரும்வரை முதியவர் தம் கையில் உள்ளதைச் செய்யலாம். பாஸ்போர்ட், முத்திரைப் பக்கங்கள், வாடகை ஒப்பந்தம், 90 நாள் ரசீது ஆகியவற்றின் படங்களைக் கைப்பேசியில் வைக்கலாம். வங்கிகளின் பெயரையும் கிளைகளின் தொலைபேசி எண்களையும் அடுத்த கெடு நாளையும் ஒரு தாளில் எழுதிக் கோப்பின் முதல் பக்கத்தில் செருகலாம். விசா வைப்பைத் தனிக் கணக்கில் பூட்டலாம். நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே உயில் எழுதலாம். இவை எல்லாவற்றையும் விட முக்கியமாக, கோப்பு எங்கே இருக்கிறது, அதில் எந்தத் தாள் எதற்கு என்று தெரிந்த ஒரு மனிதரையாவது தேடிக்கொள்ள வேண்டும். அயல்நாட்டில் முதுமை அடைபவருக்கு அப்படி ஒருவர் இருப்பதே எந்த விசாவையும் விட, எந்தச் செயலியையும் விடப் பெரிய பாதுகாப்பு.